பழத்தின் பாதுகாப்பு, சாரத்தின் பலன்

கராஜீனன் என்பது சிவப்புக் கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஒரு பசைப்பொருள். ஐஸ்கிரீம் வழவழப்பாக இருக்கவும், சாக்லேட் பாலில் கோகோத் தூள் அடியில் தங்காமல் மிதக்கவும் அதைச் சேர்க்கிறார்கள். உலகெங்கும் கோடிக்கணக்கானோர் விழுங்குகிற பொருள் இது. விழுங்கியதால் யாருக்கும் கால் வீங்கியதில்லை. அதையே உப்புநீரில் நூற்றுக்கு ஒரு பங்கு கரைத்து, 0.1 மில்லிலிட்டர் அளவு ஊசியில் எடுத்து, ஒரு வெள்ளெலியின் பின்னங்கால் பாதத்தில் தோலுக்கடியில் ஏற்றினால் கதை வேறு. ஒரு மணி நேரத்துக்குள் பாதம் சிவந்து புடைக்கத் தொடங்கும். மூன்றிலிருந்து ஐந்து மணி நேரத்தில் வீக்கம் உச்சத்துக்குப் போகும். எலி அந்தக் காலை ஊன்றாமல் தூக்கி வைத்துக்கொள்ளும். வாய்வழி போனால் உணவு, ஊசிவழி போனால் அழற்சி. ஒரு பொருள் என்ன செய்யும் என்ற கேள்விக்கு, அது எந்த வழியாக உள்ளே போகிறது என்று தெரியாமல் பதில் சொல்ல முடியாது. ஒரு மூலிகையோ காட்டுப்பழமோ வீக்கத்தைத் தணிக்கும் என்று எழுதப்படும் ஆய்வுக் கட்டுரைகளில் பெரும்பாலானவை இந்தக் கராஜீனன் பாதத்தின் மேல்தான் நிற்கின்றன என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

இந்தச் சோதனை முறையை மெர்க் நிறுவனத்தின் ஆய்வகத்தில் வின்டர், ரிஸ்லி, நஸ் ஆகிய மூவர் 1962இல் வெளியிட்டார்கள். முறை எளிது. சோதிக்க வேண்டிய மருந்தை எலிக்கு முதலில் கொடுக்க வேண்டும். அரை மணியோ ஒரு மணியோ கழித்துப் பாதத்தில் கராஜீனன் ஏற்ற வேண்டும். பிறகு ஒவ்வொரு மணிக்கும் அந்தப் பாதத்தைக் கணுக்கால் வரை ஒரு சிறு குழாயில் உள்ள திரவத்தில் அமிழ்த்தி, திரவம் எவ்வளவு உயர்கிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். மருந்து பெறாத எலியின் பாதம் எவ்வளவு வீங்கியது, பெற்ற எலியின் பாதம் எவ்வளவு வீங்கியது என்ற வித்தியாசம்தான் முடிவு. வீக்கம் எழுவதிலும் ஓர் ஒழுங்கு உண்டு. முதல் ஒன்றரை மணி நேரத்தில் ஹிஸ்டமினும் செரோடோனினும் முன்நிற்கின்றன. பிராடிகினின் இடையில் வருகிறது. அதன்பின் புராஸ்டகிளாண்டின்கள் பொறுப்பேற்கின்றன. ஆகவே ஒரு மருந்து மூன்றாம் மணியிலிருந்து வீக்கத்தைக் குறைத்தால், அது புராஸ்டகிளாண்டின் பக்கம் கை வைக்கிறது என்று ஊகிக்கலாம். முறை வெளியான மறு ஆண்டே அதே நிறுவனத்திலிருந்து இண்டோமெத்தசின் வந்தது. ஆஸ்பிரினும் இண்டோமெத்தசினும் புராஸ்டகிளாண்டின் உற்பத்தியைத் தடுத்தே வேலை செய்கின்றன என்பதை ஜான் வேன் 1971இல் காட்டினார். 1982இன் மருத்துவ நோபல் பரிசில் அவருக்கும் பங்கு கிடைத்தது. எலிப் பாதத்தை ஏளனமாகப் பேசுவோர் இந்த வரலாற்றை நினைவில் வைக்க வேண்டும். இன்று வாத நோயாளிகள் விழுங்கும் மாத்திரைகளில் பல இந்தச் சல்லடையைத் தாண்டி வந்தவை. சிக்கல் சல்லடையில் இல்லை, அதில் எதைக் கொட்டுகிறோம், எப்படிக் கொட்டுகிறோம் என்பதில் இருக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டை நெருங்கிப் பார்க்கலாம். தமிழ்நாட்டின் வறண்ட மாவட்டங்களில் வேலியோரம், ஏரிக்கரை, தரிசு நிலம் என்று எங்கும் முளைத்துக் கிடக்கும் சப்பாத்திக்கள்ளியின் பழம். கனிந்தால் கருஞ்சிவப்பாகி ஊதாவைத் தொடும். மேல் தோலில் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத சுணை கொத்துக் கொத்தாக இருக்கும். மண்ணில் உருட்டியோ நெருப்பில் வாட்டியோ அதைப் போக்கிவிட்டு, பழத்தைப் பிளந்து, உள்ளே நட்சத்திரம்போல் இருக்கும் முள்ளை எடுத்தெறிந்துவிட்டுச் சாப்பிட வேண்டும் என்று கிராமத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர ஆள் உண்டு. சில ஆண்டுகளாக இந்தப் பழத்துக்குத் திடீர் மவுசு. இரத்தம் ஊறும், மூட்டு வீக்கம் வற்றும், கொழுப்பு கரையும் என்று வீடியோக்கள் பெருகின. பாட்டிலில் அடைத்த சாறும் பொடியும் விற்பனைக்கு வந்தன. வீக்கம் வற்றும் என்பதற்கு அறிவியல் ஆதாரம் இருக்கிறதா என்று கேட்டால், இருக்கிறது. ஒப்புன்ஷியா டில்லேனி என்ற இதே இனத்தின் பழச்சாரத்தை வைத்துக் கேனரித் தீவுகளைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 1999இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பழத்தை நீரில் ஊறவைத்து எடுத்து உறைநிலையில் உலர்த்திய சாரத்தை, எலியின் ஒரு கிலோ எடைக்கு 100 முதல் 400 மில்லிகிராம் வரை கொடுத்தார்கள். அளவு கூடக் கூடக் கராஜீனன் வீக்கம் குறைந்தது. வலியுணர்வும் குறைந்தது. ஆய்வு நேர்மையானது, தலைப்பிலேயே முதற்கட்ட ஆய்வு என்றுதான் போட்டிருந்தார்கள். ஆனால் அந்தச் சாரத்தை எலிகள் சாப்பிடவில்லை. அது வயிற்றறைக்குள் ஊசிவழியாக ஏற்றப்பட்டது.

இங்கேதான் நான் சொல்ல வரும் விஷயம் தொடங்குகிறது. காட்டுப்பழங்களைப் பற்றிய பேச்சில் இரண்டு கடன்கள் ஒன்றாக நடக்கின்றன. பாதுகாப்பைப் பழத்திடம் கடன் வாங்குகிறோம்: தலைமுறை தலைமுறையாகச் சாப்பிட்டது, என்ன ஆகிவிடப்போகிறது என்று. பலனைச் சாரத்திடம் கடன் வாங்குகிறோம்: ஆய்வகத்தில் வீக்கம் இத்தனை விழுக்காடு குறைந்தது என்று. பிறகு இரண்டையும் ஒரே பாட்டிலில் ஊற்றி ஒரே பெயரை ஒட்டிவிடுகிறோம். ஆனால் பாதுகாப்பு நிரூபணமான பொருளுக்குப் பலன் நிரூபணமாகவில்லை. பலன் நிரூபணமான பொருளுக்குப் பாதுகாப்பு நிரூபணமாகவில்லை. தின்ற பழமும் ஊசியில் ஏறிய சாரமும் ஒரே செடியில் பிறந்தவை என்பதைத் தவிர அவற்றுக்கிடையே உள்ள உறவு என்ன என்பது தனியாகச் சோதித்து அறிய வேண்டிய ஒன்று. அதைச் சோதிக்கும் முயற்சிதான் பெரும்பாலும் நடப்பதில்லை.

ஒரே செடியில் பிறந்தவை என்பதைக்கூட அவ்வளவு எளிதில் ஒப்புக்கொள்ளக் கூடாது. நாம் சப்பாத்திக்கள்ளி என்று பொதுவாகக் கூப்பிடுவதற்குள் பல இனங்கள் இருக்கின்றன. இதை நமக்கு முன்பே ஒரு பூச்சி கண்டுபிடித்துவிட்டது. கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில், கொச்சினீல் பூச்சியிலிருந்து கிடைக்கும் விலையுயர்ந்த செஞ்சாயத்தை இந்தியாவிலேயே உற்பத்தி செய்துவிடலாம் என்ற கனவில், மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் சைதாப்பேட்டையில் ஒரு கள்ளித் தோட்டமே போட்டார். 1795இல் பிரேசிலிலிருந்து வட இந்தியாவுக்குப் பூச்சி வந்து சேர்ந்தது. ஆனால் வந்தது சாயத்துக்குப் பேர்போன இனம் இல்லை. அதன் மட்டமான உறவுக்கார இனம். சாயம் தேறவில்லை. பூச்சி மட்டும் ஒரு குறிப்பிட்ட கள்ளி இனத்தைத் தின்று தீர்த்தது. பின்னர் தென்னிந்தியாவுக்கும் கொண்டுவரப்பட்டு இங்கேயும் அந்த இனத்தைத் துடைத்தது. பக்கத்திலேயே நின்ற டில்லேனி இனத்தைத் தொடவில்லை. அதை ஒடுக்க 1926இல் இலங்கையிலிருந்து இன்னொரு கொச்சினீல் இனத்தைத் தேடிக் கொண்டுவர வேண்டியிருந்தது. பூச்சிக்கு வேறுபட்டுத் தெரியும் இரண்டு செடிகள் நம் உடலுக்கு மட்டும் ஒன்றாக இருக்கும் என்று நம்பக் காரணம் ஏதும் இல்லை. ஆய்வுக்கு எடுத்த செடியின் கிளை ஒன்றை உலர்த்தித் தாளில் ஒட்டி, எண்ணிட்டு, ஒரு தாவரத் தொகுப்பகத்தில் சேர்த்துவைக்கும் வழக்கத்தை வெறும் சடங்கு என்று நினைக்கிற மாணவர்கள் உண்டு. அந்த ஒரு தாள் இல்லாவிட்டால் மீதி அத்தனை எண்களும் எந்தச் செடியைப் பற்றியவை என்று யாராலும் சொல்ல முடியாது.

இது வெறும் பெயர்ச் சிக்கல் இல்லை என்பதற்குக் கள்ளிப்பழத்தின் நிறமே சாட்சி. கள்ளிப்பழம் மனிதருக்கு நல்லது என்று காட்டும் தரமான ஆய்வுகள் பெரும்பாலும் சிசிலியின் பலெர்மோவிலிருந்து வந்தவை. அங்கே ஆராய்ந்தது ஒப்புன்ஷியா ஃபிகஸ் இண்டிகா என்ற, தோட்டத்தில் பயிராகும் பெரிய பழம். அதில் இரண்டு நிறமிகள் உண்டு. மஞ்சள்-ஆரஞ்சு நிறம் தரும் இண்டிகாசாந்தின் ஒன்று; பீட்ரூட்டுக்கு நிறம் தரும் அதே ஊதாச்சிவப்பு பெட்டனின் மற்றொன்று. எட்டுப் பேருக்கு அரைக் கிலோ பழச்சதையைக் கொடுத்து அவர்களின் இரத்தத்தையும் சிறுநீரையும் தொடர்ந்து அளந்து 2004இல் வெளியிட்டார்கள். பழத்தில் இருந்த இண்டிகாசாந்தின் 28 மில்லிகிராம், பெட்டனின் 16 மில்லிகிராம். மூன்று மணி நேரத்தில் இரண்டும் இரத்தத்தில் உச்சத்தைத் தொட்டன. ஆனால் 12 மணி நேரத்துக்குள் சிறுநீரில் வெளிவந்த அளவைப் பார்த்தால், இண்டிகாசாந்தினில் 76 விழுக்காடு வந்திருந்தது. பெட்டனினில் வெறும் 3.7 விழுக்காடு. அதாவது மஞ்சள் நிறமி குடலைத் தாண்டி உடலுக்குள் தாராளமாகப் போய்த் திரும்புகிறது. ஊதா நிறமி வாசலிலேயே நின்றுவிடுகிறது. நம் ஊர் வேலிப்பழத்தின் கண்ணைப் பறிக்கும் ஊதா முழுக்க முழுக்க இரண்டாவது வகையைச் சேர்ந்தது. பலெர்மோ ஆய்வாளர்கள் இண்டிகாசாந்தினைப் பிரித்தெடுத்து எலிகளுக்கு வாய்வழியாகவே கொடுத்து, நுரையீரலைச் சுற்றிய உறையில் கராஜீனன் எழுப்பும் அழற்சி குறைவதைக் காட்டியிருக்கிறார்கள். அந்தக் கட்டுரையைக் காட்டி நம் ஊதாப் பழத்தை விற்பவர், அந்தப் பழத்தில் இல்லாத நிறமியின் நற்சான்றிதழைக் காட்டுகிறார்.

சரி, அளவைப் பார்ப்போம். எலிக்குக் கொடுத்த அளவை மனிதருக்கு மாற்ற, மருந்தியலில் ஒரு வழக்கமான கணக்கு உண்டு. உடல் சிறுத்தால் வளர்சிதை மாற்றம் வேகம் கூடும் என்பதால் எடைக்கு எடை நேரடியாக ஒப்பிடாமல், எலியின் அளவை 6.2ஆல் வகுப்பார்கள். கேனரித் தீவு ஆய்வின் உச்ச அளவான கிலோவுக்கு 400 மில்லிகிராமை அப்படி வகுத்தால் ஏறக்குறைய 65 மில்லிகிராம்; 60 கிலோ எடையுள்ளவருக்கு 4 கிராமுக்குச் சற்றுக் குறைவு. பழச்சதையில் நீர் போக எஞ்சும் கரைபொருள் நூற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு பங்கு என்று வைத்துக்கொண்டால், அது 30, 40 கிராம் சதைக்குச் சமம். இரண்டு மூன்று பழம் தின்றால் வந்துவிடும் அளவுதான். இந்த இடத்தில் கணக்கு பழத்துக்குச் சாதகமாகவே பேசுகிறது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அளவு சாதகமானதால் வழி சாதகமாகிவிடாது. வயிற்றறையில் ஏற்றிய சாரம் குடலின் செரிமானத்தைச் சந்திப்பதில்லை; செரிமானத்தில் உடைய வேண்டிய பலவும் உடையாமலே உள்ளே போகின்றன. வாசலிலேயே நிற்க வேண்டிய பெட்டனினும் சுவரேறிக் குதித்தாற்போல் உள்ளே வந்துவிடுகிறது. இன்னொரு பொறியும் இருக்கிறது. எலியின் வயிற்றறையில் எரிச்சலூட்டும் எதை ஏற்றினாலும், அந்த எரிச்சலின் எதிர்விளைவாகவே தூரத்தில் இருக்கும் பாதத்தின் வீக்கம் குறையலாம். எதிர் எரிச்சல் என்று மருந்தியலாளர்கள் நெடுநாளாக அறிந்த தோற்றப்பிழை இது. அழற்சியைத் தணிக்கும் பொருளும், வேறோர் இடத்தில் அழற்சியைக் கிளப்பும் பொருளும் இந்தச் சோதனையில் ஒரே மதிப்பெண் வாங்கக்கூடும். இரண்டையும் பிரித்துக் காட்ட ஒரே வழி, மனிதர் எப்படிச் சாப்பிடுகிறாரோ அப்படி, வாய்வழியாகக் கொடுத்துப் பார்ப்பது.

எலியே வேண்டாம், செல்களில் சோதிக்கலாமே என்று இன்று பலரும் கேட்கிறார்கள். சுண்டெலியின் மேக்ரோஃபேஜ் செல்களைத் தட்டில் வளர்த்து, பாக்டீரியாவின் மேலுறைப் பொருளால் அவற்றைச் சீண்டிவிட்டால் அவை நைட்ரிக் ஆக்சைடைக் கக்கும். சாரம் சேர்த்தபின் அது குறைந்தால் அழற்சி தணிந்தது என்று கொள்வார்கள். நைட்ரிக் ஆக்சைடு நேரடியாகக் கண்ணில் படாது. அது நைட்ரைட்டாக மாறியபின் கிரீஸ் கரைசல் சேர்த்தால் இளஞ்சிவப்பு நிறம் வரும், அந்த நிறத்தின் அடர்த்தியை 540 நானோமீட்டர் ஒளியில் அளப்பார்கள். கள்ளிப்பழத்தின் பெட்டனின் ஒளியை அதிகமாக உறிஞ்சும் இடம் ஏறத்தாழ 535 நானோமீட்டர். அதாவது அளவுகோலும் அளக்கப்படும் பொருளும் ஒரே நிறம். சாரத்தின் நிறத்தைக் கழிக்காமல் விட்டால் நைட்ரைட் கூடிவிட்டதுபோல் தெரியும். கொஞ்சம் அதிகமாகக் கழித்துவிட்டால் சாரம் அற்புதம் செய்ததுபோல் தெரியும். நிறமற்ற மாத்திரை மருந்துகளுக்காக வகுத்த முறைகளை நாவல், களா, கள்ளி என்று சாயம் வழியும் பழங்களுக்கு அப்படியே பொருத்துவதில் இந்த வில்லங்கம் எப்போதும் இருக்கிறது. நிறச் சிக்கலைச் சமாளித்தாலும் செறிவுச் சிக்கல் நிற்கிறது. அரைக் கிலோ பழம் தின்றவரின் இரத்தத்தில் பெட்டனின் எட்டிய உச்சம் லிட்டருக்கு 0.2 மைக்ரோமோல், அதாவது மில்லிலிட்டருக்கு மைக்ரோகிராமில் பத்தில் ஒரு பங்கு. தட்டிலோ மில்லிலிட்டருக்கு 100 மைக்ரோகிராம் சாரம் ஊற்றுவது சர்வசாதாரணம். சாரம் முழுவதும் பெட்டனின் இல்லைதான். என்றாலும் எந்த மூட்டும் அந்தச் செறிவைச் சந்திக்கப்போவதில்லை. குடலைத் தாண்டாத நிறமி குடலுக்குள்ளேயே நன்மை செய்யலாமே, அங்கிருக்கும் நுண்ணுயிரிகள் அதை உடைத்து வேறொன்றாக மாற்றி அனுப்பலாமே என்று ஒருவர் கேட்டால் அது நியாயமான கேள்வி. அப்படியானால் சோதிக்க வேண்டியது குடலை. பாட்டிலில் எழுத வேண்டியதும் குடலைப் பற்றித்தான், மூட்டைப் பற்றி இல்லை.

இனிப் பாதுகாப்பின் பக்கம். ஒரு பொருளின் நச்சுத்தன்மையைச் சோதிக்க ஒரு காலத்தில் எலிக் கூட்டத்தில் பாதி சாகும் அளவைத் தேடினார்கள். டிரெவன் 1927இல் கொண்டுவந்த முறை அது. ஏராளமான விலங்குகள் மடிந்ததால் 2002இல் ஓஈசிடி அமைப்பு அந்த வழிகாட்டி நெறியைக் கைவிட்டது. இன்று 423 என்ற எண்ணுள்ள நெறிப்படி மூன்று பெண் எலிகளுக்கு ஒரு வேளை சாரம் கொடுத்து 14 நாள் பார்க்கிறார்கள். முதல் அரை மணியில் ஒரு முறையாவது, முதல் நான்கு மணி நேரம் தனிக் கவனத்தோடு, பிறகு தினமும். ரோமம் சிலிர்த்திருக்கிறதா, கண்ணில் மாற்றம் உண்டா, எச்சில் வடிகிறதா, நடுக்கமா, சோர்வா, எடை குறைகிறதா என்று குறித்துக்கொண்டே வந்து, இறுதியில் அறுத்து உள்ளுறுப்புகளையும் பார்ப்பார்கள். கிலோவுக்கு 2000 மில்லிகிராம் கொடுத்தும் எதுவும் சாகவில்லை என்றால் பாதுகாப்பானது என்று கட்டுரையில் ஒரு வாக்கியம் எழுதிவிடுகிறார்கள். அந்தச் சோதனை சொன்னது, ஒரே வேளையில் கொடுத்தால் சாகாது என்பதை மட்டும். மாதக்கணக்கில் குடித்தால் கல்லீரலும் சிறுநீரகமும் என்ன ஆகும் என்று அறிய 28 நாள், 90 நாள் சோதனைகள் தனியாக உண்டு. அவற்றுக்குச் செலவும் அதிகம், காலமும் அதிகம். இன்னும் விசித்திரம் என்னவென்றால், பலனைச் சோதிக்கும் அளவு பல கட்டுரைகளில் இந்த 2000த்திலிருந்துதான் பிறக்கிறது. அதில் பத்தில் ஒன்று 200, ஐந்தில் ஒன்று 400. மனிதர் எவ்வளவு சாப்பிடுவார் என்பதற்கும் இந்த எண்களுக்கும் சம்பந்தமே இல்லை.

அதே நேரத்தில், இந்தப் பழத்தால் மனிதருக்கு உண்மையில் வந்த கேடுகள் எவை என்று பார்த்தால் அவற்றில் எதையும் எலிச் சோதனை பிடித்திருக்காது. சுணை தோலில் ஏறிச் சொறிபோல் தடிப்பது கள்ளிப்பழம் பறிக்கும் தொழிலாளரிடையே தனிப் பெயர் பெற்ற தோல்நோய். கடினமான சிறு விதைகளை ஏராளமாக விழுங்கியவர்களுக்கு, குறிப்பாகப் பிள்ளைகளுக்கு, அவை மலக்குடலில் கெட்டியாக அடைத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போக நேர்ந்ததை மத்தியதரைக் கடல் நாடுகளின் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். சாரம் எடுப்பவர் வடிகட்டியபோதே சுணையும் விதையும் போய்விட்டன. எலிக்குப் போனது பழத்தின் ஆபத்து நீங்கிய பகுதி. ஆனால் வடித்துச் செறிவாக்கியதால் பழத்தில் இல்லாத புது ஆபத்து சேர்ந்திருக்கலாம். பழத்தின் கேட்டைச் சாரம் காட்டாது, சாரத்தின் கேட்டைப் பழம் காட்டாது. நட்சத்திர முள்ளை எடுத்துவிட்டுத் தின்னச் சொன்ன பாட்டி, தன் பங்குக்கு, பாதுகாப்புச் சோதனையின் முடிவைத்தான் சொல்லித்தந்தாள். அவளுடைய முடிவு முழுப்பழத்துக்குப் பொருந்தும். பொடி அடைத்த மாத்திரைக்குப் பொருந்தாது.

இங்கே ஒருவர் குறுக்கிடலாம். நூறாண்டுக்கு மேல் இத்தனை பேர் தின்றிருக்கிறார்களே, அதைவிடப் பெரிய சோதனை ஏது என்று. இந்த வாதத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. தின்றவுடன் வாந்தி, மயக்கம் வரும் பழத்தை எந்தச் சமூகமும் அடுத்த தலைமுறைக்கு உணவென்று கொடுக்காது. உடனடிக் கேட்டைக் கண்டுபிடிப்பதில் பழக்கம் எந்த ஆய்வகத்தையும் விடக் கெட்டி. அது தடுமாறுவது கேடு மெதுவாக வரும்போது, அல்லது எல்லோருக்கும் வராமல் ஒரு சிலருக்கு மட்டும் வரும்போது. பீகாரின் முசாஃபர்பூரில் லிச்சி பழுக்கும் மே, ஜூன் மாதங்களில் குழந்தைகள் அதிகாலையில் வலிப்பு வந்து நினைவிழந்து இறந்தார்கள். மூளைக் காய்ச்சல் என்றார்கள், வெப்பம் என்றார்கள், பூச்சிக்கொல்லி என்றார்கள். 2014இல் நடந்த விரிவான விசாரணையில், இரண்டு மருத்துவமனைகளில் சேர்ந்த 390 பேரில் 122 பேர் இறந்தது பதிவானது. நோயுற்ற 104 குழந்தைகளையும் நோயுறாத 104 குழந்தைகளையும் ஒப்பிட்டபோது லிச்சி தின்றதும் இரவு உணவு சாப்பிடாததும் சேர்ந்து நின்றன. லிச்சியில், காயில் கூடுதலாக, ஹைப்போகிளைசின் என்ற பொருளும் அதன் உறவுப் பொருள் ஒன்றும் உண்டு. இரவு சாப்பிடாமல் படுத்த குழந்தையின் உடல், கொழுப்பை எரித்து அந்த ஆற்றலில் சர்க்கரை ஆக்கிக்கொள்ள முயலும்போது அவை அந்த வழியை அடைத்துவிடுகின்றன. இரத்தச் சர்க்கரை அதலபாதாளத்துக்கு இறங்குகிறது. வயிறு நிறைந்த குழந்தைக்கு இனிப்பான பழம்; பட்டினிக் குழந்தைக்கு நஞ்சு. தலைமுறைகளாகத் தின்ற பழம்தான் அது. தின்றவர்களில் யார் பட்டினி கிடந்தார்கள் என்று பழக்கம் கணக்கு வைக்கவில்லை. மெதுவான கேட்டுக்கு உதாரணம் கரீபியக் கடலின் குவாடலூப் தீவில் இருக்கிறது. முள்சீத்தாப் பழமும் அதன் இலைக் கஷாயமும் வழக்கமாகச் சாப்பிட்டவர்களிடம் பார்க்கின்சன் போன்ற, ஆனால் அதற்கான மருந்துக்கு வசப்படாத நடுக்குநோய் கூடுதலாக இருப்பதை 1999இல் கவனித்தார்கள். அதில் உள்ள அனோனாசின் நரம்புச் செல்களைக் கொல்வது ஆய்வகத்தில் தெரிந்தது. நோய்க்கு அதுவே காரணம் என்பது இன்னும் முழுதாக நிறுவப்படவில்லை. ஆனால் இருபது, முப்பது ஆண்டுகள் கழித்து வரும் நடுக்கத்தை, சிறுவயதில் தின்ற பழத்தோடு எந்தக் குடும்பமும் தானாக முடிச்சுப்போட்டிருக்காது.

இன்னோர் ஆட்சேபம் பணத்தைப் பற்றியது. காப்புரிமை எடுக்க முடியாத வேலிப்பழத்துக்கு யார் கோடிகளைக் கொட்டி மனிதரிடம் சோதிப்பார்கள். மருந்து நிறுவனத்துக்கு வகுத்த விதியைப் பழத்தின் மேல் திணித்தால் எதுவுமே நிரூபணமாகாது என்பார்கள். புதிய மருந்துக்குரிய சோதனை வரிசையை இங்கே யாரும் கேட்கவில்லை. உண்ணும் பழத்தை உண்ணும் அளவில் கொடுத்துப் பார்ப்பதற்குக் கோடிகள் தேவையில்லை. பலெர்மோவில் 18 பேரை வைத்தே ஒரு நல்ல சோதனை செய்தார்கள். ஒரு கட்டத்தில் தினம் இருமுறை 250 கிராம் பழச்சதை, இன்னொரு கட்டத்தில் தினம் இருமுறை 75 மில்லிகிராம் வைட்டமின் சி. ஒவ்வொன்றும் இரண்டு வாரம், நடுவே ஆறு வார இடைவெளி. ஒரே நபர் இரண்டையும் சாப்பிடுவதால் அவருக்கு அவரே ஒப்பீடு. ஆக்சிஜனேற்றச் சேதத்தைக் காட்டும் ஐசோபுராஸ்டேன் அளவு பழம் தின்றபோது குறைந்தது, வைட்டமின் சி விழுங்கியபோது குறையவில்லை. பின்னர் 2018இல் 28 பேரிடம் தினம் இருமுறை 200 கிராம் கொடுத்துச் சி-ரியாக்டிவ் புரதம் போன்ற அழற்சிக் குறிகளே குறைவதைக் காட்டினார்கள். இவற்றிலும் குறை சொல்லலாம். ஆரோக்கியமானவர்கள், இரண்டே வாரம், தான் என்ன தின்கிறோம் என்று அவர்களுக்குத் தெரியும். மூட்டுவலிக்காரருக்கு வலி குறைந்ததா என்ற கேள்விக்கு இது இன்னும் வெகு தூரம். ஆனாலும் இங்கே தின்றதும் சோதித்ததும் ஒரே பொருள். இரண்டு கடனும் ஒரே இடத்தில் வாங்கப்பட்டிருக்கிறது. அந்த ஒரு காரணத்துக்காகவே, இந்தப் பதினெட்டுப் பேரின் சான்றை ஊசியேற்றிய எலிகளைப் பற்றிய ஒரு கட்டுக் கட்டுரைகளுக்கு மேலே வைப்பேன்.

நம் ஊதாப் பழத்துக்கு இதைச் செய்ய முடியுமா? பெரும்பகுதி எளிது. ஒரே வட்டாரத்தில், ஒரே பருவத்தில் பறித்த பழம், தொகுப்பகத்தில் சேர்த்த மாதிரி, விதை நீக்கிய சதை. எலிக்குக் கொடுப்பதானால் அதே சதை, வாய்வழி, 90 நாள். பாதத்தை அளப்பவருக்கு எந்த எலி எந்தக் குழு என்று தெரியக் கூடாது. மனிதருக்கு அதே சதை, மூட்டழற்சி உள்ளவர்கள், அவர்கள் வழக்கமாக எடுக்கும் மாத்திரையின் கணக்கோடு. சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்களைத் தனியே கவனிக்க வேண்டும், ஏனென்றால் கள்ளியின் மடலுக்கு இரத்தச் சர்க்கரையைக் குறைக்கும் தன்மை இருப்பதாக மெக்சிகோ ஆய்வுகள் சொல்கின்றன. பழத்துக்கும் அது உண்டா என்று ஊகித்துக்கொண்டிருக்கத் தேவையில்லை, அளந்துவிடலாம். கடினமான இடம் ஒன்றே ஒன்றுதான். ஒப்பீட்டுக் குழுவுக்கு எதைக் கொடுப்பது? தின்றவர் நாக்கும் உதடும் சிவக்கும். சிலருக்குச் சிறுநீரும் சிவக்கும். வெறும் சர்க்கரை நீர் குடித்தவருக்குத் தான் எந்தக் குழு என்று முதல் நாளே தெரிந்துவிடும், வலி குறைந்ததா என்ற கேள்விக்கு அவர் தரும் பதிலும் அதற்கேற்ப மாறும். நிறத்துக்குப் பீட்ரூட் சேர்த்தால், சோதிக்கப் புறப்பட்ட பெட்டனினையே ஒப்பீட்டுக் குழுவுக்கும் கொடுத்ததாகும். நாவற்பழச் சாறு சேர்த்தால், அழற்சியைத் தணிக்கும் என்று தனக்கே ஒரு கட்டுக் கட்டுரை வைத்திருக்கும் இன்னொரு பழத்தோடு ஒப்பிட்டதாகும். எனக்குத் தோன்றும் வழி, மூன்று குழுக்கள். முதலாவதுக்குப் பழச்சதை. இரண்டாவதுக்கு, நிறமியை மட்டும் நீக்கிவிட்டு, உடலில் ஒட்டாத ஓர் அனுமதிக்கப்பட்ட உணவுச் சாயத்தால் நிறமேற்றிய அதே சதை. மூன்றாவதுக்கு அதே சாயமும் அதே அளவு சர்க்கரையும் கலந்த நீர்க்கூழ். நாக்கு மூவருக்கும் சிவக்கும்; சிறுநீரைப் பற்றி முன்கூட்டியே மூவரிடமும் ஒரே எச்சரிக்கையைச் சொல்லிவிடலாம். முதல் இரண்டு குழுக்களிலும் அழற்சிக் குறிகள் ஒரே அளவில் குறைந்து மூன்றாவதில் குறையாவிட்டால், பழத்தில் பலன் உண்டு, ஆனால் அது நிறமியின் வேலை இல்லை. நார்ச்சத்திலோ வேறு எதிலோ தேட வேண்டும். முதல் குழுவில் மட்டும் குறைந்தால், 3.7 விழுக்காடு மட்டுமே வெளிவரும் ஒரு நிறமி அதை எப்படிச் செய்கிறது என்ற அடுத்த கேள்வி பிறக்கும். மூன்றிலும் ஒரே மாதிரி குறைந்தால், குறைத்தது பழம் இல்லை. தினமும் ஆய்வகத்துக்கு வந்து நாலு வார்த்தை பேசிவிட்டுப் போனதுதான்.